தகட்டை எடுத்த நாள்

பத்து மணிக்குத் தகட்டை எடுக்கிறார்கள் என்பதால் பொற்கொடி ஐந்தரைக்கே எழுந்து ஐனோ அம்மாளிடம் சொல்லிக்கொள்ளப் போனாள்.

ஃபின்லாந்தில் ஜூன் மாதத்தில் சூரியன் பேருக்குத்தான் மறையும். அந்த நேரத்துக்கே வெளியே நல்ல வெயில். முதியோர் இல்லத்தின் இந்த நீண்ட நடையில் ஒன்பது வருடம் சக்கர நாற்காலி தள்ளியிருக்கிறாள். பரமக்குடியிலிருந்து வந்தபோது முப்பத்தெட்டு வயது. இப்போது நாற்பத்தேழு. முந்தின நாள் சாயங்காலம் வரை வேலை பார்த்ததில் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கடைசி நாளாயிற்றே என்று யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளுக்கும் சும்மா உட்கார வரவில்லை.

ஐனோ அம்மாளுக்குத் தொண்ணூற்றொரு வயது. விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

"இன்னைக்குத்தானே?"

"ஆமாம்மா."

"காதுக்குப் பின்னாடி இருக்கிறதை எடுத்துடுவாங்களா?"

"எடுத்தாத்தான் விமானத்துல ஏத்துவாங்க."

ஐனோ கையை நீட்டி, பொற்கொடியின் வலது காதுக்குப் பின்னால் இருந்த சின்ன மேட்டை விரலால் தடவிப் பார்த்தாள். தோலுக்கு அடியில் அங்கேதான் தகடு இருந்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம், வந்த முதல் வாரத்திலேயே பொருத்திவிட்டது. மூன்றாம் நாள் அவள் ஃபின்னிஷ் பேசினாள். யோசிக்காமல், தட்டுத்தடுமாறாமல், தமிழ் பேசுவதுபோலவே பேசினாள்.

"அப்ப நான் சொன்ன கதையெல்லாம்?" என்று ஐனோ கேட்டாள்.

"நீங்க சொன்னீங்கங்கிறது ஞாபகம் இருக்கும். என்ன சொன்னீங்கங்கிறது இருக்காது."

"என் தம்பி கதை?"

உறைந்த ஏரியில் பனி உடைந்து தம்பி முழுகிப்போனதையும், அப்போது தான் அவன் கையைப் பிடித்திருக்கவில்லை என்பதையும் ஐனோ எண்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. போன குளிர்காலத்தில் பொற்கொடியிடம் சொன்னாள்.

"எழுதி வெச்சிருக்கேன். தமிழ்ல. அது போகாது."

"படிச்சா ஞாபகம் வருமா?"

"வராதாம். யாரோ எழுதினதைப் படிக்கிற மாதிரி இருக்குமாம்."

ஐனோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "பரவாயில்ல. எழுதினது உன் கைதானே," என்றாள். பிறகு கால் மரத்துப்போயிருக்கிறது, தேய்த்துவிடு என்றாள். பொற்கொடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேய்த்துவிட்டாள். கிழவி தூங்கியதும் போர்வையை இழுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஊழியர் சமையலறையில் ஆல்மாஸ் வாணலியில் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். எத்தியோப்பியாக்காரி. பொற்கொடி வந்த அதே வாரத்தில் வந்தவள், அதே ஒன்பது வருட ஒப்பந்தம், ஒரே அறையில் இரண்டு கட்டில். புகையைக் கண்டு அலறும் கருவி கூரையில் இருந்ததால், வறுக்கும்போதெல்லாம் ஸ்டூலில் ஏறி அதற்கு ஒரு குளியல் தொப்பியை மாட்டிவிடுவாள். இன்றும் மாட்டியிருந்தாள்.

ஆல்மாஸின் பாஷை அம்ஹாரிக். பொற்கொடிக்குத் தமிழ். இரண்டு பேருக்கும் பொதுவாக ஆஸ்பத்திரி இங்கிலீஷ் பத்து வார்த்தை. ஒன்பது வருடம் சேர்ந்து சிரித்தது, சண்டை போட்டது, ஒருத்தி அழும்போது இன்னொருத்தி சொன்னது எல்லாம் ஃபின்னிஷில்தான்.

"ஊருக்குப் போயிட்டா எப்படிப் பேசப்போறோம்?" என்றாள் பொற்கொடி.

"ஃபோன் இருக்கே. நான் என் பாஷையில பேசினா அது உனக்குத் தமிழ்ல சொல்லும்."

"யார் குரல்ல சொல்லும்?"

"அது குரல்லதான்." ஆல்மாஸ் உதட்டைப் பிதுக்கினாள். "இவ்வளவு நாள் என் குரலைக் கேட்டு அலுத்துப்போயிருப்பே. ஒரு மாறுதலா இருக்கட்டும்."

"ஏர்போர்ட்டுக்கு ஹிருத் வருவாளா?"

ஹிருத் ஆல்மாஸின் மகள். பத்து வயது. கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தது.

"அக்கா கூட்டிட்டு வரேன்னா. வந்து 'ஆல்மாஸ்'னு கூப்பிடுவா. அக்காவைத்தான் அம்மாங்கிறா." கொட்டையைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "நான் கேட்டா, 'ஃபோன்ல இருக்கிறவங்க எப்படி அம்மா'ங்கிறா. கேள்வி சரிதான்."

பொற்கொடி ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை எடுத்து இன்னொரு தடவை கழுவினாள்.

எட்டு மணிக்கு வேன் வந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுவனத்துக்கென்று ஒரு கிளினிக் இருந்தது. வரவேற்பறையின் ஒரு பக்கம் ஊருக்குத் திரும்புகிறவர்கள், எதிர்ப்பக்கம் புதிதாக வந்தவர்கள். புதியவர்கள் ஆறு பெண்கள், எந்த நாடு என்று தெரியவில்லை, பையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தகடு எடுக்கிறவன் பெயர் யூஹா. முப்பது வயதிருக்கும். கண்ணைச் சுற்றிக் கருவளையம். படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். வலிக்காது. இருபது நிமிஷம். முக்கியமானது ஏதாவது இருந்தால் தாய்மொழியில் எழுதிக்கொள்ளுங்கள். முகம், இடம், நடந்தது எதுவும் போகாது. தகட்டு வழியாகப் பேசியதும் கேட்டதும் படித்ததும் தகட்டோடு கோத்திருக்கிறது, அது மட்டும் போகும்.

"ஒன்பது வருஷம் பேசியிருக்கேன்," என்றாள் பொற்கொடி. "கொஞ்சமாவது மூளையில ஒட்டியிருக்காதா?"

"ஒட்டாது. மூளை எதையும் கத்துக்கல. தினமும் லிஃப்ட்ல போறவங்ககிட்ட எத்தனை படின்னு கேட்டா தெரியுமா? அந்த மாதிரி."

"எடுக்காம விட்டா?" என்று ஆல்மாஸ் கேட்டாள்.

"பத்து வருஷத்துக்கு மேல உள்ளே இருந்தா சீழ் பிடிக்கலாம்னு படிவத்துல போட்டிருக்கு."

"நிஜமாவா?"

யூஹா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "நிரந்தர வேலை கிடைச்சவங்களுக்கு எடுக்கறதே இல்ல. அவங்க யாருக்கும் சீழ் பிடிச்சு நான் பார்த்ததில்ல. உங்களைத் தகட்டோட அனுப்பினா அடுத்த வருஷமே வேற நிறுவனத்துக்கு வேலைக்கு வந்துடுவீங்க. விஷயம் அவ்வளவுதான்."

"எடுத்த தகட்டை என்ன பண்ணுவீங்க?"

"சுத்தம் பண்ணி அடுத்தவங்களுக்கு வெப்போம்."

மூன்று பேரும் எதிர்ப்பக்கத்துப் பெண்களைப் பார்த்தார்கள். யூஹா உள்ளே போய்விட்டான்.

"நிரந்தரம்," என்றாள் ஆல்மாஸ், நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு. "அந்தக் கடலோர ஆஸ்பத்திரி வேலை மட்டும் கிடைச்சிருந்தா நான் இன்னைக்கு இங்க வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். ஹிருத்தும் அங்கேயே பள்ளிக்கூடம் போயிருப்பா."

பொற்கொடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தைந்து. ஐந்து வருடமாக மனசுக்குள் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை இப்போது சொன்னாள்.

"ஆல்மாஸ். அந்த வேலை உனக்குக் கிடைக்காம போனதுக்கு நான்தான் காரணம்."

ஆல்மாஸ் தலையைத் திருப்பினாள்.

"உன் பேருதான் முதல்ல இருந்துச்சு. மேற்பார்வையாளர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இவளுக்கு உடம்புல ஏதாவது கோளாறு உண்டா, கூட இருக்கிறவ நீதான், உனக்குத்தான் தெரியும்னு கேட்டாங்க. இருக்குன்னு சொன்னேன். முதுகு வலி இருக்கு, நோயாளியைத் தூக்கினா மறுநாள் எந்திரிக்க முடியாதுன்னு சொன்னேன்."

"அது நிஜம்தானே," என்றாள் ஆல்மாஸ் மெதுவாக.

"நிஜம்தான். ராத்திரியில உனக்குத் தைலம் தேய்ச்சுவிட்டதாலதான் எனக்கு அது தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

"ஏன் சொன்னே?"

"நீ போயிட்டா அந்த ரூம்ல நான் தனியா இருக்கணும். அதை என்னால நினைச்சுப் பார்க்க முடியல. வேற காரணம் இல்ல."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் புரியவில்லை. கூப்பிட்டவள் வந்து தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு போனாள்.

"மணி என்ன?" என்று கேட்டாள் ஆல்மாஸ்.

"ஒன்பது நாற்பது."

"எனக்குப் பத்து மணிக்கு. இன்னும் இருபது நிமிஷத்துல நீ சொன்னது எனக்கு இருக்காது. அது தெரிஞ்சுதானே இப்ப சொன்னே?"

பொற்கொடி மடியிலிருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"அஞ்சு வருஷம் இருந்துச்சு, கொடி. நேத்து இருந்துச்சு. இன்னைக்குக் காலையில காபி குடிச்சப்ப இருந்துச்சு."

"தைரியம் வரல."

"இப்பவும் வரல." ஆல்மாஸின் குரல் உயரவில்லை. "எனக்கு நிஜமாவே சொல்லணும்னா தகடு போனதுக்கு அப்புறம் சொல்லு. உன் பாஷையில சொல்லு. நான் எப்படியாவது புரிஞ்சுக்கறேன். அப்ப சொன்னாத்தான் நீ சொன்னதா அர்த்தம்."

எழுந்து போய் ஜன்னல் திண்டில் கையை ஊன்றி நின்றுகொண்டாள். பொற்கொடிக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பொற்கொடி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஐனோவின் தம்பி, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரின் கதைகள், ரொட்டி சுடும் பக்குவம், எல்லாம் அதில் இருந்தன. புதுப் பக்கத்தில் தேதியை எழுதினாள். ஆல்மாஸ் இப்போது சொன்னதை எழுதினால், அது இருக்கும். மத்தியானம் விமானத்தில் படித்துவிட்டு, படித்தபடி செய்ய வேண்டியிருக்கும். எழுதாவிட்டால் அந்தக் கேள்வியே இருக்காது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

ஆல்மாஸைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பொற்கொடியின் முறை வந்தபோது யூஹா அவளைப் படுக்க வைத்து, ஃபின்னிஷில் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னான். காதுக்குப் பின்னால் ஜில்லென்று எதையோ தடவினான். எண்ணினாள். எண்பது, எழுபத்தொன்பது. எழுபத்து நான்கு வரை வாய் தானாகப் போயிற்று. அடுத்தது எழுபத்து மூன்று என்று தெரிந்தது. தமிழில்தான் தெரிந்தது. வாயைத் திறந்தபடி கிடந்தாள். யூஹா குனிந்து ஏதோ கேட்டான். கேள்வி என்பது அவன் புருவத்திலிருந்து தெரிந்தது. மற்றபடி வெறும் சத்தம்.

அவன் அவள் தோளில் லேசாகத் தட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினான்.

எழுந்து நடந்தபோது பொற்கொடிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. காலையில் ஐனோவின் காலைத் தேய்த்தது. காபிப் புகை. ஆல்மாஸிடம் அந்த விஷயத்தைச் சொன்னது. மனசுக்குள் தமிழில் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்ததால் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்டுவிட்டு ஆல்மாஸ் எழுந்து ஜன்னலுக்குப் போனதும் தெரிந்தது. நடுவில் ஆல்மாஸின் உதடுகள் அசைந்தன. பக்கத்து வீட்டு டிவி போலக் குரல் மட்டும் இருந்தது, வார்த்தை இல்லை. மன்னித்தாளா, திட்டினாளா, தெரியவில்லை. நோட்டைப் பிரித்தாள். தேதி மட்டும் இருந்தது. ஏன் ஒன்றும் எழுதவில்லை என்பதையும் அவளே யூகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. யூகிப்பது கஷ்டமாக இல்லை.

விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஆறு மணி நேரத்தில் தோஹா. அங்கிருந்து ஆல்மாஸ் அடிஸ் அபாபாவுக்கு, பொற்கொடி மதுரைக்கு.

மேலே ஏறியதும் ஆல்மாஸ் ஃபோனில் எதையோ பேசினாள். ஃபோன் ஓர் ஆண் குரலில் தமிழ் பேசியது: "உங்களுக்குத் தலை வலிக்கிறதா?"

பொற்கொடி ஃபோனைப் பார்த்து, "இல்ல. உனக்கு?" என்றாள். அது அம்ஹாரிக்கில் எதையோ சொன்னது.

"எனக்கும் இல்லை. நன்றி," என்றது ஃபோன்.

ஒன்பது வருடத்தில் ஆல்மாஸ் அவளை நீங்கள் என்றதும் இல்லை, நன்றி சொன்னதும் இல்லை. தகடு ஆல்மாஸின் குரலை ஆல்மாஸின் குரலாகவே விட்டிருந்தது. அவள் இழுத்துப் பேசுவது, பாதியில் மூக்கை உறிஞ்சுவது, கேலி செய்யும்போது குரல் கட்டையாவது எல்லாம் அதில் இருக்கும். ஃபோனிடம் இருந்தது செய்தி வாசிக்கிறவனின் குரல். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

சாப்பாடு வந்தது. ஆல்மாஸ் தன் தட்டிலிருந்த இனிப்பை எடுத்து இவள் தட்டில் வைத்தாள். அவளுக்கு இனிப்பு பிடிக்காது. பொற்கொடி தன் ஊறுகாய் வெள்ளரியை அவளுக்குத் தள்ளினாள். அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

ஒரு தடவை ஆல்மாஸ் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் படித்தாள். குடியேற்றப் படிவமாக இருக்கும் என்று பொற்கொடி நினைத்தாள். படித்து முடித்ததும் ஆல்மாஸ் அதை மறுபடி மடித்து உள்ளே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு தோஹா வரை அவள் ஃபோனைத் தொடவில்லை.

பொற்கொடிக்கு உடம்பெல்லாம் களைப்பு. தூக்கம் மட்டும் வரவில்லை. இப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. இவளுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் கேட்டது இவளிடம் இல்லை. தோஹாவில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் பிரிந்தால் போதும். சொல்ல வேண்டியதைச் சொல்லியும் ஆகிவிட்டது. யார் கேட்டாலும் சொன்னேன் என்று சொல்லலாம். ஆனால் யார் கேட்கப்போகிறார்கள்? கேட்கக்கூடிய ஒருத்தி பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடிமேல் வைத்திருந்த கையில், போன குளிர்காலத்தில் கொதிநீர் பட்ட தழும்பு இன்னும் மறையாமல் இருந்தது. அதற்கு மருந்து போட்டது பொற்கொடிதான்.

சொன்னது சொன்னதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

தோஹாவில் இறங்கும்போது சாயங்காலம் ஏழு மணி. ஆல்மாஸின் விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவள் போக வேண்டிய வாசல் ஒரு கோடியில், பொற்கொடியின் வாசல் மறு கோடியில். ஆல்மாஸின் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சுற்றிலும் ஊர் போகிறவர்கள், கயிறு கட்டிய பெட்டிகள், தரையிலேயே தூங்குகிறவர்கள்.

வரிசை கட்ட அறிவிப்பு வந்ததும் ஆல்மாஸ் எழுந்தாள். இரண்டு கையையும் விரித்தாள்.

"உட்காரு," என்றாள் பொற்கொடி தமிழில். நாற்காலியைக் காட்டினாள்.

ஆல்மாஸ் உட்கார்ந்தாள். பொற்கொடி ஃபோனை எடுத்து இருவருக்கும் நடுவில் பிடித்தாள். ஒரு தடவைக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அது அம்ஹாரிக்கில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அந்தக் கடலோர ஆஸ்பத்திரி வேலை உனக்குக் கிடைக்காம பண்ணினது நான்தான்."

"உனக்கு முதுகு வலி இருக்குன்னு நான் சொல்லிட்டேன்."

"நீ என்னை விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு சொன்னேன்."

"ஹிருத் உன்கூட இல்லாம போனது என்னாலதான்."

"இன்னைக்குக் காலையிலயும் இதைச் சொன்னேன். நீ மறந்துடுவேன்னு தெரிஞ்சு சொன்னேன். நீ என்ன பதில் சொன்னேன்னு எனக்குத் தெரியல."

கடைசி வாக்கியத்தை ஃபோன் சொல்லி முடித்தது. பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஆல்மாஸ் ஆச்சரியப்படவில்லை. அதுதான் பொற்கொடிக்கு முதலில் உறைத்தது. அவள் கைப்பையைத் திறந்து அந்த மடித்த தாளை எடுத்து நீட்டினாள். கிளினிக் படிவத்தின் பின்பக்கம். பேனா அழுந்த அழுந்த அம்ஹாரிக் எழுத்தில் பத்துப் பன்னிரண்டு வரி.

பொற்கொடி ஃபோனின் கேமராவை அதன் மேல் பிடித்தாள். எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழாக மாறின.

*ஆல்மாஸ், இதை எழுதியது நீங்கள்தான். கொடி இன்று உங்களிடம் ஒன்றைச் சொன்னார். ஆஸ்பத்திரி வேலை உங்களுக்குக் கிடைக்காததற்கு அவரே காரணம். உங்கள் முதுகு வலியைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்று தெரிந்தே அவர் சொன்னார். பிறகு மீண்டும் சொல்லுமாறு அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். அதை அவரும் மறந்துவிடுவார். ஆகவே காத்திருங்கள். அவராகவே சொல்லவில்லை என்றால், அவரைக் கட்டிப்பிடித்து வழியனுப்புங்கள். எதையும் கேட்க வேண்டாம். அத்துடன் முடிந்தது. அவராகவே சொன்னால், கோபப்படுங்கள்.*

பொற்கொடி இரண்டு தடவை படித்தாள். நிமிர்ந்தாள்.

ஆல்மாஸ் திட்டத் தொடங்கினாள்.

ஃபோன் முதல் இரண்டு வாக்கியம் வரை கூடவே ஓடியது. "நான் உங்கள் மீது கோபமாக இருக்கிறேன்" என்று செய்தி வாசித்தது. அதற்குள் ஆல்மாஸ் வெகுதூரம் போய்விட்டாள். பொற்கொடி ஃபோனை அணைத்தாள். ஆல்மாஸ் எழுந்து நின்று திட்டினாள். ஒரு கையைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தைலம் தேய்ப்பதுபோலக் காட்டி, பொற்கொடியை நோக்கி விரலை நீட்டினாள். பிறகு உள்ளங்கையைத் தன் இடுப்பு உயரத்தில் பிடித்தாள். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம். அப்படியே கையை மெல்ல உயர்த்தி மார்புக்கு நேரே நிறுத்தினாள். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. ஆல்மாஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி ஆரம்பித்தாள்.

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் இருந்த பெண் ஒரு தடவை கூப்பிட்டாள், இரண்டாவது தடவை கூப்பிட்டாள். பொற்கொடி தலையைக் குனியாமல் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. இது ஆல்மாஸின் குரல். இழுத்துப் பேசினாள். நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

மூன்றாவது அறிவிப்பில் அவள் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆல்மாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். பொற்கொடியின் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கி, அதைத் தட்டி எழுப்பி, சுருக்கமாக எதையோ சொல்லி அவள் கையில் திணித்துவிட்டு வாசலுக்குள் போய்விட்டாள்.

ஃபோன் சொன்னது: "இன்னும் முடியவில்லை. மீதியை ஊருக்குப் போய்ச் சொல்கிறேன்."

மதுரையில் இறங்கி வெளியே வரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. கணவன் நாகசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றிருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. ஃபோனில் பார்த்தபோது இவ்வளவு தெரியவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டான். என்ன பேசுவது என்று தெரியாமல், "வெயில் இப்பவே ஆரம்பிச்சிருச்சு," என்றான்.

வாடகைக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். விமான நிலையச் சாலையைத் தாண்டும்போது நாகசாமி அவள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"இல்லங்க."

"அந்த பாஷை சுத்தமாப் போயிருச்சா?"

"சுத்தமா."

"ஒண்ணுகூட இல்லியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்ல," என்றாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் கையைத் தயங்கித் தயங்கி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறவன் கை. அது அவளுக்கு இன்னும் பழகவில்லை. தன் கையை விலக்கிக்கொள்ளாமல் இருந்தாள்.

மானாமதுரை தாண்டியபோது ஃபோன் ஒலித்தது. ஆல்மாஸிடமிருந்து குரல் செய்தி. பதினொரு நிமிஷம். கீழே, தமிழில் கேட்க இங்கே தொடவும் என்று எழுதியிருந்தது. பொற்கொடி அதைத் தொடாமல், ஆல்மாஸின் குரலையே போட்டாள்.

கார் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. பின்னணியில் வண்டிச் சத்தம், யாரோ ஒரு சின்னப் பெண் எதையோ கேட்கும் சத்தம். டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தான். பொற்கொடி இருக்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம் போயிற்று.

"யாரு, உன்கூட இருந்தவங்களா?" என்று நாகசாமி மெதுவாகக் கேட்டான்.

"ம்."

"சண்டை போடுற மாதிரி இருக்கே."

"ஆமா."

"உனக்குப் புரியுதா?"

"இல்ல."

"தமிழ்ல மாத்திக் கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கறேன்," என்றாள் பொற்கொடி, கண்ணைத் திறக்காமல். "முதல்ல அவ பேசி முடிக்கட்டும்."